புளித்தண்ணீரில் சிவந்த ஸ்பூல்

நான் வேலை பார்த்த லேபில் புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்கள். பார்ப்பதற்குத் துப்பாக்கி மாதிரியே இருக்கிறது. உலோகத்தின்மேல் வைத்து விசையை அழுத்தினால் செம்பு இவ்வளவு, துத்தநாகம் இவ்வளவு என்று திரையில் வந்துவிடுகிறது. "ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்கக்கா" என்று பிள்ளைகள் கூப்பிட்டார்கள். போனவள் சும்மா இருந்திருக்கலாம், என் வளையலில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் சொன்ன தரத்தைவிடக் குறைவாக வந்தது. இத்தனை வருஷம் நிம்மதியாகப் போட்டிருந்த வளையல்.

எனக்கு அந்தக் கருவிமேல் பொறாமை ஒன்றும் இல்லை. அது அப்போதே வந்திருந்தால் அமிலப் புகையிலிருந்து என் மூக்கு தப்பித்திருக்கும். ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும்தான் என்று அங்கிருந்த பெண்ணிடம் சொன்னேன். "அப்ப அந்த மீன் ரீல் கதையை எழுதிக் குடுங்கக்கா, சுவத்துல ஒட்டி வைக்கறோம்" என்றாள். நான் ரீல் விடுவதாக வீட்டுக்காரர் எப்போதும் கேலி செய்வார். இந்தக் கதையை மட்டும் அவர் கேலி செய்ததில்லை.

எங்கள் ஊர் அன்னூர். டிப்ளமோ முடித்துவிட்டு, தினமும் பஸ் பிடித்து, நகரத்தில் கணபதி என்ற பகுதியில் இருந்த அந்த லேபுக்கு வேலைக்குப் போனேன். சுற்றுப்பட்ட ஃபவுண்டரிகளில் வார்க்கிற இரும்பு, அலுமினியம், பித்தளை எல்லாம் சோதனைக்கு எங்களிடம்தான் வரும். முதல் வருஷம் கண்ணாடிக் குடுவை கழுவினேன், இரண்டாம் வருஷம் கழுவியதை உடைத்தேன், அதன்பிறகு வேலை பிடிபட்டது. பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. சொல்ல வேண்டியது சென்னியப்பன் சாரைப் பற்றி.

அவர்தான் லேபுக்குத் தலைமை. யார் எதைக் கொண்டுவந்தாலும் நாற்காலியைவிட்டு எழுவார். மேஜையில் வெள்ளைத்தாள் விரிப்பார். தாம்பூலம் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கி அதன்மேல் வைப்பார். கொண்டுவந்தவர், "இது அலுமினியமுங்க சார்" என்று ஆரம்பித்தால், "பேரு இருக்கட்டுமுங்க. மொதல்ல ஊரச் சொல்லுங்க" என்பார். எந்த மெஷினில் இருந்தது, வெயிலா மழையா, எண்ணெய் பட்டதா, உப்புத்தண்ணீர் பட்டதா, கடைசியாக யார் கையில் இருந்தது, அவர் அதை என்ன செய்தார் என்று விசாரணை நீளும். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். எனக்குப் பொறுமை கிடையாது. சுவரோரம் நின்றபடி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பேன். அவருக்கு அது தெரியும். "அம்மணிக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சாட்ட இருக்குது" என்று எல்லார் முன்னாலும் சொல்வார்.

பழைய மீன்பிடி ரீல்கள் எங்களிடம் வர ஆரம்பித்தது ரேஸ்கோர்ஸ் பக்கம் இருந்த ஒரு பெரியவரால். ரீல் என்பது தூண்டில் கழியின் அடியில் பொருத்தும் சக்கரம். நடுவில் நூல் சுற்றிக்கொள்ளும் உருளைக்கு ஸ்பூல் என்று பெயர். மலைமேல் எஸ்டேட் நடத்திய துரைமார் ஊர் திரும்பும்போது விட்டுப்போனவை பல வீடுகளில் பரணில் கிடக்கும். அவற்றைத் தேடித்தேடி வாங்குவது பெரியவருக்குப் பித்து. ஒருநாள் ஒரு ஸ்பூலைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வெள்ளி என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டாராம். நாங்கள் ஒரு சான்று கொடுத்தால் போதுமாம்.

உள்பக்கம், கண்ணில் படாத ஓரத்தில், அரத்தால் லேசாகச் சுரண்டினேன். சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, கரைந்ததைக் கண்ணாடித் தட்டில் எடுத்து, உப்புத்தண்ணீர் சேர்த்தேன். வெள்ளியாக இருந்தால் பால் திரிந்ததுபோல் வெள்ளையாகத் திரளும். ஒன்றும் திரளவில்லை. இன்னொரு சொட்டில் அமோனியா விட்டேன். வேட்டிக்கு நீலம் போட்ட தண்ணீர்போல் ஆகிவிட்டது. செம்பு கலந்த ஜெர்மன் சில்வர். பேரில்தான் வெள்ளி, உள்ளே ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. பெரியவர் முகம் விழுந்துவிட்டது.

சார் அவருக்குக் காபி வரவழைத்தார். "வெள்ளியா இருந்திருந்தா நூல் ஓடி ஓடித் தேஞ்சே போயிருக்குமுங்க. இது இத்தன வருசம் நின்னு வேல செஞ்சிருக்குது. எனக்கென்னமோ இதுதான் ஒசத்தின்னு படுது" என்றார். பெரியவர் சிரித்தபடி துணியைச் சுற்றிக்கொண்டு போனார். பிறகு ரீல் வைத்திருப்பவர்களை எல்லாம் எங்களிடம் அனுப்பினார்.

ரங்கசாமி அண்ணனையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் லேபுக்கு அடுத்த சந்தில் லேத்தும் வெல்டிங்கும் வைத்திருந்தார். ஒருமுறை ஏதோ பழைய வார்ப்பை அலுமினியம் என்று நினைத்து நெருப்புக் காட்டியிருக்கிறார். அது மெக்னீசியம். கண் கூசும் வெள்ளையாகப் பற்றிக்கொண்டு, அவருடைய இரண்டு புருவத்தையும் கொண்டுபோய்விட்டது. இடது புருவம் பிறகு முளைத்தது, வலது கொஞ்சம் யோசித்துத்தான் முளைத்தது. அன்றுமுதல் பழைய சாமான் எது வந்தாலும் எங்களிடம் காட்டாமல் நெருப்புப் பக்கம் கொண்டுபோக மாட்டார்.

அந்த வழக்கத்தால்தான் சாமுவேல் ஐயாவின் ரீல் எங்களிடம் வந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்திருந்த சமயம். ரங்கசாமி அண்ணன் ஓர் இளம்பெண்ணையும் அவளுடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெண் பெயர் மெர்சி, அம்மா எஸ்தர். காந்திபுரத்தில் வீடு. மெர்சியின் அப்பா சாமுவேல் ஐயா மலைமேல் ஒரு டீ எஸ்டேட்டில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மீன்பிடிப்பதில் பிரியமுள்ள மேனேஜர் ஒருவர் போகும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போன ரீல் அது. லீவு கிடைத்தால் பவானி ஆற்றங்கரைதான்.

போன மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் ரப்பர் பந்து கொடுத்தார், பிடிக்கவில்லை. மாவு பிசையச் சொன்னார், கோபம் வந்துவிட்டது. கடைசியில் மெர்சி அந்த ரீலை எடுத்து ஒரு பலகையில் பொருத்திக் கொடுத்தாள். அதன் பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தார். காலையும் சாயங்காலமும் அதே வேலை. விரல் மடங்கத் தொடங்கியிருந்தது.

"கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் சுத்திட்டிருக்கறப்பவே ஸ்பூல் ஒடஞ்சுபோச்சுங்க" என்றாள் மெர்சி. "அன்னைக்குச் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவருதானுங்க. பயிற்சி வேண்டாங்கறாரு. அந்தக் கைய யாரையும் தொடக்கூட உடமாட்டேங்கறாரு. எண்ணெய் போட்டு நீவி உடோணுமுங்க, இல்லைன்னா மறுபடி எறுகிப்போயிருமாம். வேற ரீல் வாங்கிக் குடுத்தோம், தள்ளி உட்டுட்டாரு. இது ஒண்ணு சரியாச்சுன்னா எந்திரிச்சு ஒக்காருவாருங்க."

அவள் பேசும்போது அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்பூல் இரண்டு துண்டாக இருந்தது. செம்மஞ்சளாக நல்ல பளபளப்பு. "பித்தளைங்க சார். பிரேஸிங் போட்டு ஒட்டீரலாம். ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாமுன்னு வந்தேன்" என்றார் ரங்கசாமி அண்ணன். பிரேஸிங் என்றால் செந்தணல் ஆகும்வரை சூடுகாட்டிப் பற்றவைப்பது. எனக்கும் பித்தளை என்றுதான் பட்டது. ஒரு சொட்டு அமிலம், ஒரு சொட்டு அமோனியா. பளிச்சென்று நீலம். செம்பு இருக்கிறது. இன்னொரு சோதனையில் துத்தநாகமும் காட்டியது. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் பித்தளை. அப்பாவுக்குச் சாயங்காலத்துக்குள் கிடைத்துவிடும் என்று நான் மெர்சியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன்.

சார் சிரிக்கவில்லை. துண்டைக் கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினார். "பித்தளைக்குக் கனம் பத்தலையே அம்மணி" என்றார். பிறகு வழக்கம்போல விசாரணையைத் தொடங்கினார். "ஏனுங்க, இது கடைசியா யாரு கையில இருந்துச்சுங்க?"

"அப்பா கையிலதானுங்க" என்றாள் மெர்சி.

"அதுக்கு முந்தி?"

மெர்சி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அங்கே ஒரு மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார், இங்கே இவர் குலம் கோத்திரம் விசாரிக்கிறார். "சார், அவுங்க அவசரமா வந்திருக்கறாங்க" என்று வாயைத் திறந்தேவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எஸ்தர் அம்மாவைப் பார்த்து அதே கேள்வியை இன்னும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

அந்த அம்மா பையின் வாரை விட்டார். "என் கையிலதானுங்க" என்றார். "கிறிஸ்துமஸுக்கு ஊட்டுல இருக்கற பித்தளையெல்லாம் எறக்கி வெளக்குவமுங்க. சிலுவை வெச்ச குத்துவெளக்கு, தாம்பாளம், குடம் எல்லாம் புளித்தண்ணியில ஊறப்போட்டேன். அவரு ஆசயா சுத்தறதாச்சே, இதுவும் பளபளன்னு இருக்கட்டும்னு ஸ்பூலக் கழட்டி அதே அண்டாவுல போட்டுட்டேன். அதுக்கு முன்னாடி இது சாம்பக் கலராத்தான் இருந்துச்சுங்க. எடுத்துத் தொடச்சா நல்லாச் செவந்து வந்துச்சு, எனக்கும் சந்தோசமா இருந்துச்சு. ரெண்டே நாள்ல ஒடஞ்சுபோச்சுங்க."

"அம்மா, நீ எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றாள் மெர்சி.

"என்னன்னு கண்ணு சொல்றது. உங்கப்பன் எம் மூஞ்சியவே பாக்கறதில்ல. அவருக்குத் தெரிஞ்சிருக்குது."

சார் ஸ்பூல் துண்டைத் தாளின்மேல் வைத்தார். "அம்மணி, நீலங் காட்டுனது தோலு. உள்ளாரக் கேளுங்க" என்றார்.

கேட்டேன். உடைந்த இடத்துக்குப் பக்கத்தில் அரத்தால் அழுத்தி ராவினேன். சிவப்பு ஒரு மயிரிழைதான், அதன் கீழே நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். பிறகு நடுவில் இருந்த எஃகு அச்சைத் தட்டி எடுத்தேன், அது இருந்தால் கணக்கு கெட்டுவிடும். துண்டுகளைத் தராசில் நிறுத்தேன். அப்புறம் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தேன். மூலையில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும், தூரிகையால் அதைத் தட்டிவிட்டு மறுபடி நிறுத்தேன். பித்தளை தண்ணீரைப்போல எட்டரை மடங்கு கனம். இது ஆறரைதான் வந்தது. அலுமினியம் இதில் பாதிகூட வராது. இது வார்ப்புத் துத்தநாகம். பித்தளை அடுப்பில் பழுத்துச் சிவப்பதற்கு வெகுமுன்பே இது உருகி ஒழுகிவிடும். ரங்கசாமி அண்ணன் நெருப்பைக் காட்டியிருந்தால் மெர்சி கையில் ஒரு கட்டியைத்தான் கொடுத்திருப்பார். அவர் தன் வலது புருவத்தைத் தடவிக்கொண்டார்.

சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதை சார் சொல்லவில்லை, செய்தே காட்டினார். டீ போடுகிற மேடையிலிருந்து புளி எடுத்துவரச் சொல்லி, கரைத்து, கறுத்த பித்தளைச் சாமான் ஒன்றை ஊறவைத்தார். அதில் ஒரு துத்தநாகத் துண்டையும் போட்டார். லேப் முழுக்க ரசம் கொதிக்கிற வாசனை. கொஞ்ச நேரத்தில் துண்டு கறுத்தது. எடுத்துத் துணியால் துடைத்ததும் சிவந்திருந்தது. விளக்கிலும் தாம்பாளத்திலும் இருந்து கரைந்த செம்பு, துத்தநாகத்தைக் கண்டதும் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. பித்தளை விளக்குகிற வீடுகளில் மட்டும் நடக்கக்கூடிய தவறு இது. எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

"அப்ப நாந்தானுங்களே கெடுத்துப்போட்டேன்" என்றார் எஸ்தர் அம்மா. கண்ணீர் வந்துவிட்டது.

சார் தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்தார். பெரிய லென்ஸை அவர் கையில் கொடுத்து, ஸ்பூலின் விளிம்பைக் காட்டினார். விளிம்பைச் சுற்றிலும் உரசிய கோடுகள். "இந்தக் கோடு என்ன நெறமுங்க?"

"சாம்பலுங்க."

"அது வெளக்குனதுக்கு அப்புறம் ஒரசுனது. அதுக்குப் பக்கத்துல நெறையா இருக்குதே, அதெல்லாம்?"

அந்த அம்மா லென்ஸைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "செவப்புங்க. கோட்டுக்குள்ளாரயும் செவப்பா இருக்குது."

"அப்படின்னா நீங்க புளியில போடறதுக்கு முந்தியே அந்தக் கோடு அங்க இருந்திருக்குது. இந்தச் சக்கரம் ரொம்ப நாளா உப்பிட்டே வந்து ரீலோட கூட்டுல ஒரசியிருக்குதுங்க." ஸ்பூல் உடைந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். உள்ளே ஆழம்வரைக்கும் வெளுத்துப் பொடிந்திருந்தது. அந்தக் காலத்தில் துத்தநாகத்தோடு கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால், வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, ஒருநாள் விண்டுவிடும். "புளி தோலத்தான் தொட்டுதுங்க. இது வார்க்கறப்பவே வந்த நோவு. நீங்க தொடாட்டியும் ஒடஞ்சிருக்கும்."

எஸ்தர் அம்மா லென்ஸைக் கீழே வைக்காமல் இன்னொரு சுற்றுப் பார்த்தார். நான் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ரங்கசாமி அண்ணன் உடைந்த துண்டுகளை அளந்து புது ஸ்பூல் கடைந்தார். எதில் கடைவது என்று பேச்சு வந்தபோது, நல்ல அலுமினியக் கம்பியாகத் தேர்ந்து கொடுத்தது நான். பலமில்லாத கைக்குக் கனமில்லாதது நல்லது. அண்ணன் அதை விளிம்பு தட்டாமல், விரலால் தொட்டால் சுழலும்படி செய்திருந்தார்.

வேலைக்காக நான் யாருக்காவது கடன்பட்டிருக்கிறேன் என்றால் சென்னியப்பன் சாருக்குத்தான். எரிச்சல்படும் ஒருத்தியை இத்தனை வருஷம் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒரு கேள்வியை இரண்டாம் தரம் தாழ்ந்த குரலில் கேட்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். என் பிள்ளைகளை வளர்த்தபோது எனக்கு அது உதவிய அளவுக்கு வேறெதுவும் உதவவில்லை. அவர் இப்போது இல்லை. இருக்கும்போது சொல்லியிருந்தால், "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க அம்மணி" என்றுதான் சொல்லியிருப்பார்.

சோதனைக்கு வந்தவர்கள் வீட்டுக்கு சார் போய் நான் பார்த்ததில்லை. புது ஸ்பூல் தயாரான அன்று மட்டும் அவரே, "நாமளும் போயிட்டு வரலாமுங்க" என்றார். நான், ரங்கசாமி அண்ணன், அவர் மூவரும் போனோம்.

சாமுவேல் ஐயா மெர்சி சொன்னபடியே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். எஸ்தர் அம்மா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நேராகப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். கிறிஸ்துமஸுக்கு முந்தி அந்த ஸ்பூல நாந்தான் புளித்தண்ணியில போட்டு வெளக்குனேன். என்னாலதான் ஒடஞ்சுதுன்னு பயந்துட்டுச் சொல்லாம இருந்துபோட்டேன். இவுங்க பாத்துட்டு அதில்லைங்கறாங்க. அது முன்னாடி இருந்தே உள்ளார உப்பி எறுகிட்டு வந்துச்சாமா."

அவர் மெதுவாகத் திரும்பினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். "எறு... எறுகுச்சா?" என்றார்.

"ஆமாங்க."

"நானு... எங் கைதான்..." அவருக்கு வார்த்தை கூடவில்லை. மறுபடி முயன்றார். "தெனமும்... கெட்டியாச்சு. எங் கை... போயிட்டே இருக்குதுன்னு... நெனச்சேன்."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. நாளுக்கு நாள் சுற்றுவது கஷ்டமாகிக்கொண்டே வந்திருக்கிறது. கை தேறவில்லை, இன்னும் செத்துக்கொண்டிருக்கிறது என்று அவர் நினைத்திருக்கிறார். கடைசியில் வம்படியாகத் திருகியபோது பிரியமான பொருளும் உடைந்ததும், அந்தக் கையையே வெறுத்துவிட்டார். மனைவிமேல் அவருக்குக் கோபம் எப்போதும் இருந்ததில்லை.

சார் கட்டிலருகில் போய்க் குனிந்தார். "ஐயா, எறுகுனது சக்கரமுங்க. அந்த எறுக்கத்தையும் மீறி நீங்க தெனமும் சுத்தியிருக்கறீங்க. அப்ப உங்க கை நாளுக்கு நாள் தேறித்தான் வந்திருக்குதுங்க."

மெர்சி அவரை எழுப்பி உட்காரவைத்து, புது ஸ்பூல் போட்ட ரீலைப் பலகையோடு அவர் மடியில் வைத்தாள். அவர் இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடியின்மேல் வைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஒரு சுற்று. சத்தமே இல்லாமல் ஓடியது. இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைப் பிடியிலிருந்து எடுத்து எஸ்தர் அம்மா பக்கம் நீட்டினார்.

"எண்ணெய்... கொண்டா" என்றார்.

அந்த அம்மா உள்ளே ஓடினார். எண்ணெயைச் சூடுபண்ணிக் கிண்ணத்தோடு திரும்பி வரும்வரை, நீட்டிய அந்தக் கையைச் சாமுவேல் ஐயா கீழே இறக்கவே இல்லை.